தீவில் ஆள் இருந்தாரா? - ஹாம் வானொலிப் போட்டிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் (ஹாம்) உலகில், குறித்த நேரத்துக்குள் அதிக நிலையங்களோடு தொடர்பு கொண்டு மதிப்பெண் சேர்க்கும் போட்டிகளுக்கு விதி வகுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் கேட்க வந்தது சின்ன விஷயம். முடிவுப் பட்டியலில் ஒரே ஒரு குறி கூடுதலாக வேண்டும். ஒரே ஆள் இயக்கும் தனியாள் பிரிவில் ஏதோ ஒரு தொலைதூரத் தீவின் அழைப்புக்குறிக்கு (நிலையத்தின் அடையாள எழுத்துகளுக்கு) நேராகப் பெரிய மதிப்பெண் ஒன்று நிற்கிறது. அந்த ஆள் அந்த வாரக் கடைசியில் அந்தத் தீவில் இருந்தாரா, இல்லை வேறொரு கண்டத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி இணையம் வழியாக அங்குள்ள கருவியை இயக்கினாரா என்பது பட்டியலைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இப்படித் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை, யாருடைய மதிப்பெண்ணிலும் கைவைக்கச் சொல்லவில்லை.

நம் போட்டிகளிலேயே பெரியதான சீக்யூ வேர்ல்டு வைடை எடுத்துக்கொள்வோம். 1948 முதல் நடக்கும் போட்டி. அக்டோபர் கடைசி வாரத்தில் குரலுக்கு 48 மணி நேரம், நவம்பர் கடைசி வாரத்தில் மோர்ஸுக்கு 48 மணி நேரம். அதன் விதிகள் ஒரு வட்டம் போடுகின்றன. டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் எல்லாம் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள், அல்லது ஒரே சொத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆன்டெனாக்கள் கம்பி வழியாகவே கருவியோடு இணைந்திருக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு ரிசீவரை வைத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது விதிமீறல். இவ்வளவு கறாராகப் போட்ட வட்டத்துக்கு வெளியே உலகில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அனுமதி பெற்றிருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆபரேட்டர்.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. எத்தனை நாடுகளோடும் தீவுகளோடும் பேசினோம் என்று கணக்கிடும் டிஎக்ஸ்சிசி விருதுப் பட்டியலுக்கு ஒரு தீவு கணக்கில் வர வேண்டுமென்றால், தொடர்பு அந்த நிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கரைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலிலிருந்து பேசினால்கூடச் செல்லாது. ஆக, கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் கப்பலில் உட்கார்ந்து அலையில் ஆடிக்கொண்டிருப்பவர் தீவில் இல்லை. ஒரு பெருங்கடல் தள்ளி நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தீவில் இருக்கிறார்! அலை எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் கணக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, தொடர்புக்கு அது போதும். அந்த நிலையத்தை அழைத்தவருக்குத் தீவு கிடைத்துவிட்டது, அவருக்குக் குறை இல்லை. ஆனால் தனியாள் பிரிவு என்பது நிலையத்துக்குத் தரும் பரிசு அல்ல, ஆளுக்குத் தருவது. அப்போது ஆள் எங்கே என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

தீவுக்கு இவ்வளவு மவுசு ஏன் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் புதியவர்களுக்காக இரண்டு வரி. வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி, அதே கண்டத்தில் வேறு நாடு என்றால் பொதுவாக 1. பெருங்கடல் நடுவே இருக்கும் தீவுக்குக் கிட்டத்தட்ட எல்லாருமே வேறு கண்டம். போதாததற்கு, ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைத் தொகுதியிலும்) அந்தத் தீவு மற்றவர்களுக்குப் புது மல்ட்டிப்ளையர், அதாவது மொத்தப் புள்ளியைப் பெருக்கிக் கொடுக்கும் புது இடம். அதனால் நாம் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒருமுறை சீக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிட்டால் போதும், பைல்-அப் (ஒரே நேரத்தில் பலர் அழைக்கும் நெரிசல்) தானாக வந்து விழும். அப்புறம் கடல். உப்புநீர் சாதாரண மண்ணைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். அலை தொடும் இடத்தில் நிறுத்திய சாதாரண வெர்டிகல் (செங்குத்து) ஆன்டெனாவின் அலைகள் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகக் கிளம்பி வெகுதூரம் போய் இறங்கும். உள்நாட்டில் உயரமான டவர் கட்டியவர்களே ஏங்கும் வசதி அது.

இந்த வசதிகள் எல்லாம் ரிமோட்காரருக்கும் அப்படியே கிடைக்கின்றன. கிடைக்காதது, அல்லது அவர் படவேண்டாதது, மீதிப் பாதி. அந்தப் பாதியைப் பற்றி விதிப் புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெர்டிகலின் அடியில், கோஆக்ஸ் கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு இன்சுலேட்டர் இருக்கும். மாலைக் காற்றில் பறந்து வரும் உப்புச்சாரல் அதன்மேல் படிந்து, காய்ந்து, மெல்லிய வெள்ளைப் படலமாகிறது. காய்ந்திருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. நள்ளிரவுக்கு மேல் காற்றில் ஈரம் ஏறியதும் அந்தப் படலம் கரைந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். முதலில், ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் முள் லேசாக ஆடும். நாம் கண்டுகொள்ளாமல் பைல்-அப்பைப் பார்ப்போம். அப்புறம் ஒரு 'டிக்' சத்தம், ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். இருட்டில் அந்த இன்சுலேட்டரைத் தூரத்திலிருந்து பார்த்தால் நீலப்பொறி தெரியும். இப்போது ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியுமாகக் கடற்கரைக்கு நடக்க வேண்டியவர் யார்? தனியாள் பிரிவில் அந்த ஒரே ஆள்தான். நல்ல தண்ணீர் என்பது குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் என்பது தனிக்கதை. துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நம் அலைவரிசையில் வேறொருவர் குடியேறியிருப்பார்.

ஜெனரேட்டர் இன்னொரு எஜமான். ஓடுகிற ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்த வேண்டும், சூடு ஆற விட வேண்டும், ஊற்றிவிட்டு மறுபடி கயிற்றை இழுக்க வேண்டும். வேண்டாத அலைகளை வடிகட்டும் ஃபில்டர் எல்லாம் போட்டு ரிசீவரை அமைதியாக்கி வைத்திருந்தாலும், இன்ஜினின் இக்னிஷன் இரைச்சல் 160 மீட்டர் பேண்டில் எட்டிப் பார்க்கும், எனவே கேபிள் எட்டும் மட்டும் தள்ளி வைக்க வேண்டும், எனவே நடக்க வேண்டும். அதனால் எந்த மணியில் எரிபொருள் ஊற்றுவது என்பதே ஒரு போட்டித் தந்திரமாகிவிடுகிறது. சூரியன் மறையும் கோடு தீவைக் கடக்கும் அரை மணி நேரத்தில், தாழ்வான பேண்டுகளில் தூரத்து மல்ட்டிப்ளையர்கள் திடீரென மேலெழும்பும். அப்போது டாங்க் காலியானால் அழுதாலும் திரும்பி வராது. உயர் பேண்டுகள் மூடிவிட்டன, கீழே உள்ளவை இன்னும் திறக்கவில்லை என்கிற செத்த நேரம் ஒன்று உண்டு. டாங்க் அந்த நேரத்துக்குக் காலியாகும்படி கணக்குப் போட்டு ஓட்டுவது ஒரு கலை. நல்ல தீவு ஆபரேட்டர்கள் மோர்ஸ் வேகத்தைப் பற்றிப் பேசுவதைவிட அதிகமாக இதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எடையையும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய், ஒரே ஆள் நிமிர்த்தி நிறுத்தக்கூடிய மாஸ்ட் (கம்பம்) எதுவோ அதுதான் ஆன்டெனா. இன்று முன்னணித் தனியாள்கள் இரண்டு ரேடியோக்களை ஒரே சமயத்தில் இயக்குகிறார்கள், ஒன்றில் கூப்பிட்டுக்கொண்டே இன்னொன்றில் கேட்கிறார்கள். தீவில் அதைச் செய்ய இரண்டு ரேடியோ மட்டும் போதாது. ஒன்றன் சிக்னல் மற்றதைச் செவிடாக்காமல் இருக்க ஃபில்டர்களும், தள்ளித் தள்ளி நிறுத்திய ஆன்டெனாக்களும் வேண்டும். பெட்டியில் இடம் இருக்காது, மணல்திட்டிலும் இருக்காது. நிரந்தரமாகக் கட்டி வைத்த ரிமோட் நிலையத்தில் இது எல்லாம் ஏற்கெனவே ரேக்கில் உட்கார்ந்திருக்கிறது.

தூக்கம் மட்டும் இருவருக்கும் பொது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் இரவில் விசிறிச் சத்தத்துக்குள் மோர்ஸ் கேட்பதும், யாருமே அனுப்பாத அழைப்புக்குறியைக் கை தட்டச்சு செய்வதும் வீட்டில் இருப்பவருக்கும் நடக்கும். அவருக்கு அடுத்த அறையில் கட்டில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். (கட்டில் பக்கத்தில் இருப்பது லாபமா நஷ்டமா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.)

ரிமோட்காரர்களை நான் இளக்காரமாகப் பார்ப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளில்லாத தீவு முனையில் ஒரு நிலையத்தை 48 மணி நேரம் விழாமல் ஓட வைப்பது லேசுப்பட்ட பொறியியல் அல்ல. இணைப்பில் தாமதம் உண்டு. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால் போய்வரவே அரை நொடி ஆகிவிடும், வேகமான பைல்-அப்பில் அது கொடுமை. இப்போது தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் அந்தத் தாமதத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன, இந்தப் பேச்சு இன்று அவசரமாகியிருப்பதும் அதனால்தான். உடல்நிலை காரணமாகப் படகு ஏற முடியாதவர்கள், அடுக்குமாடியில் ஒரு கம்பிகூடக் கட்ட அனுமதி இல்லாதவர்கள், இவர்களையெல்லாம் ரிமோட் மறுபடி போட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறது. 2020இல் எல்லைகள் மூடிக் கிடந்தபோது பல தீவுகள் காற்றில் கேட்டதும் அதனால்தான். அவர்கள் வெளியேற வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

'வாடகைக்கு ஷாக் (நிலைய அறை) எடுத்து, கட்டி முடித்த யாகி ஆன்டெனாக்களின் கீழே போய் உட்காருபவரும் தீவில்தானே இருக்கிறார், அவருக்கும் உன் குறி கிடைக்குமே' என்று கேட்பீர்கள். கிடைக்கட்டும். தீவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் கிடைக்கட்டும். கஷ்டத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி நான் வரவில்லை, அது முடிவில்லாத தகராறு. ஆபரேட்டர் அந்த வட்டத்துக்குள் இருந்தாரா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான், அதனால்தான் அதை மட்டும் கேட்கிறேன்.

எப்படிச் சரிபார்ப்பது என்பது அடுத்த கேள்வி. 5 வாட், 100 வாட், 1500 வாட் என்று மூன்று பிரிவு வைத்திருக்கிறீர்கள், யார் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் போய் மீட்டர் வைத்தீர்கள்? போட்டியாளரின் சொல்லை நம்பித்தான் அத்தனையும் நடக்கிறது. முன்னணி இடத்துக்குப் போட்டியிடும் தனியாளிடம் முழுப் போட்டியின் ஒலிப்பதிவையே கேட்கும் விதி சீக்யூவில் இருக்கிறது. அரிய இடங்களுக்குப் போய்வருபவர்களிடம் உரிமம், இறங்கியதற்கான சான்று எல்லாம் டிஎக்ஸ்சிசி வாங்குகிறது. பயணச்சீட்டின் படம் ஒன்றைக் கேட்பது இதற்கு மேலான சங்கடமா என்ன?

முன்மாதிரியும் கைவசம் இருக்கிறது. தீவுகளுக்கென்றே இருக்கும் ஐஓடிஏ திட்டத்தை 1964இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜெஃப் வாட்ஸ் தொடங்கினார். அவர் வெறும் சிற்றலைக் கேட்பாளர். ஜூலை கடைசியில் 24 மணி நேரம் நடக்கும் ஐஓடிஏ போட்டி, தீவு நிலையங்களை நிலையானவை என்றும், பயணம் போய் அமைத்தவை என்றும் பிரித்துப் பார்க்கிறது. நாம் எல்லாரும் அனுப்பும் கேப்ரில்லோ வடிவ லாக் (தொடர்புகளின் பதிவு) கோப்பின் தலைப்பகுதியில் நிலையத்தின் வகைக்கென்று ஒரு வரி ஏற்கெனவே உண்டு, பயண நிலையம் என்பதற்கு மதிப்பும் உண்டு. அதன் பக்கத்தில் ஆபரேட்டர் இருந்த இடத்துக்கு இன்னொரு வரி சேர்க்கப் புது மென்பொருள் வேண்டியதில்லை.

லாக் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, இதையும் கேட்டுவிடுகிறேன். சீக்யூவில் போட்டி முடிந்த 5 நாளுக்குள் லாக் வந்து சேர வேண்டும். முடியாதவர்கள் அந்தக் கெடுவுக்குள் மின்னஞ்சல் அனுப்பி அவகாசம் கேட்கலாம். மின்னஞ்சல் அனுப்ப வழி இருந்தால் லாக்கையே அனுப்பிவிட மாட்டோமா? அடுத்த படகு எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சலுகையால் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே, 'இந்தத் தீவுக்குப் போகிறேன், திரும்பி வந்ததும் அனுப்புகிறேன்' என்று தெரிவித்துவிட்டுப் போகும் வசதியை விதியிலேயே எழுதி வைத்தால் போதும். லாக்கில் கைவைத்துத் திருத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் கெடுவைச் சுருக்கினீர்கள் என்பது புரிகிறது. ஒலிப்பதிவு அந்தப் பயத்தைத் தீர்க்கும்.

எல்லாரையும் சமமாக்கும் போட்டி ஒன்று நம்மிடம் இருக்கிறது, 1990இல் தொடங்கிய டபிள்யூஆர்டிசி. அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆன்டெனா, ஒரே அளவு சக்தி. மற்றப் போட்டிகள் அப்படி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சமமில்லாததுதான் அவற்றின் ருசி. சமமில்லை என்றால், எந்த வகையில் சமமில்லை என்பதைப் பட்டியலில் போட்டுவிடுங்கள் என்கிறேன்.

முதல் ஆண்டு கட்டாயமாக்க வேண்டாம். லாக்கில் அந்த வரியைச் சேருங்கள், விருப்பமுள்ளவர்கள் நிரப்பட்டும். எத்தனை பேர் நிரப்பினார்கள், அதில் தீவுகளிலிருந்து வந்த தனியாள் லாக்குகள் எத்தனை, அவற்றில் ஆள் தீவில் இருந்தவை எத்தனை என்று முடிவுகளோடு சேர்த்து வெளியிடுங்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
தனியாளாகத் தீவுக்குப் போய்வரும் ஒரு ஹாம்