மாணவர் மிதிவண்டிகளுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் பொருத்தித் தரக் கோரும் நான்காவது மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

அனுப்புநர்:
மிதிவண்டி பழுதுநீக்கும் கடை உரிமையாளர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் தந்தை, காரைக்குடி வட்டம். (பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பொருள்: அரசு வழங்கிய மிதிவண்டிகளில் பள்ளி சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் மாணவ மாணவியரின் வண்டிகளுக்கு விளக்கு, ஒளிபிரதிபலிப்பான் பொருத்தவும், பிரேக் முதலிய பாகங்களைச் சோதித்துத் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற ஆடி, புரட்டாசி, கார்த்திகை மாதங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 26 ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மிதிவண்டிக் கடை வைத்துப் பிழைத்து வருகிறேன். பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஒருமுறை மட்டும் "தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்த அலுவலகத்துக்கு இருமுறை நேரில் போய், இரண்டு முறையும் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். தங்கள் பணிச்சுமையை நான் அறியாதவன் அல்லன். இருந்தும் நான்காவது முறையாக எழுத வேண்டிய நிலையில் இருப்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

திருமயம்–காரைக்குடி சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் கிளைச் சாலையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற கோடையில் ஊருணியைப் பார்வையிட வந்தபோது அந்த வளைவில்தான் வண்டியை நிறுத்தி இறங்கினீர்கள். ஒருபுறம் ஊருணியின் படித்துறைச் சுவர், மறுபுறம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றின் நீண்ட பின்கட்டு மதில். இரண்டுக்கும் நடுவே இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் அளவுக்கே தார் உண்டு; தாரை விட்டு இறங்கினால் செம்மண் சரளை வழுக்கும். பகலில் அது பார்க்க அழகான இடம். மாலை ஆறரை மணிக்கு அங்கே ஒன்றும் தெரியாது. புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றிச் செல்லும் லாரிகளும், கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆத்தங்குடிக்குக் குறுக்கு வழி தேடி வரும் வெளியூர்க் கார்களும் அந்த வளைவில்தான் திரும்புகின்றன. எங்கள் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் வீடு திரும்புகிறார்கள்.

அரசு மிதிவண்டி தருவதைக் குறை சொல்ல இம்மனுவை எழுதவில்லை. அந்த வண்டி இல்லாவிட்டால் எங்கள் பகுதிப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் பத்தாம் வகுப்போடு நின்றிருப்பார்கள் என்பதை ஒரு தகப்பனாக நான் அறிவேன். வண்டி கொடுத்த கை விளக்கையும் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கோரிக்கைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. பிரேக் மற்றும் பூட்டுதல்: புதிய மிதிவண்டிகள் பாகங்களாக வந்திறங்கி, விழா நாளுக்கு முன் அவசர அவசரமாகப் பூட்டப்படுகின்றன. வழங்கிய மறுவாரமே என் கடைக்கு வரும் வண்டிகளில் நான் காண்பவை: ரிம்மைத் தொடாமல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் பிரேக் கட்டைகள், அரைகுறையாக இறுக்கிய சக்கர நட்டுகள், கோட்டம் எடுக்காத பின்சக்கரம். மழையில் நனைந்த எஃகு ரிம்மில் புதுக் கட்டையே வழுக்கும் என்றால், ரிம்மைச் சரியாகப் பிடிக்காத கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உயரமான பிள்ளைகள் இருக்கைக் குழாயை அதில் பொறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்து ஓட்டுகிறார்கள். அந்தக் கோடு எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வழங்குவதற்கு முன்பு ஊருக்கு ஒரு மெக்கானிக்கை வைத்து ஒவ்வொரு வண்டியையும் பத்து நிமிடம் சோதித்தால் போதும்.

2. விளக்கு: ஐயா, என் மனுவே இதற்காகத்தான். மற்றவை பின்னால் வந்தாலும் சரி.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பொதுத்தேர்வுக்கான சிறப்பு வகுப்பு முடிய ஆறேகால் ஆகிறது. என் கடைக்கு வந்த பள்ளி மிதிவண்டிகள் ஒன்றிலும் விளக்கு இல்லை. கடைகளில் விலைக்கு வாங்கும் வண்டிகளிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒளிபிரதிபலிப்பான் இருந்தாலும், அதன் மீது எதிர்வரும் வண்டியின் வெளிச்சம் நேராக விழுந்தால்தான் அது மின்னும். வளைவில் லாரியின் வெளிச்சம் மதிலில் விழுகிறது. பிள்ளையின் மீது விழும்போது லாரி பக்கத்தில் வந்துவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். தானாக ஒளி வீசும் விளக்கு வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

மாணவியருக்குத் தரும் வண்டியில் முன்னால் கூடை இருக்கிறது. ஹேண்டில் பாரின் கழுத்தில் விளக்கைப் பூட்டினால் கூடையும் அதிலுள்ள சாப்பாட்டுப் பையும் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஆகவே கூடைக்கு முன்னால் அல்லது முன்சக்கர ஃபோர்க்கின் ஓரத்தில்தான் பூட்ட வேண்டும். பின்விளக்கை மட்கார்டில் பொருத்தினால், கேரியரில் கட்டிய புத்தகப் பை தொங்கி அதை மூடிவிடும். கேரியரின் கடைசிக் கம்பியில், பைக்குக் கீழே வராமல் வெளியே நீட்டிப் பொருத்த வேண்டும். டைனமோ வாங்கித் தரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பழைய 6 வோல்ட் டைனமோவை நான் நூற்றுக்கணக்கில் பூட்டியவன். அது ஓடும்வரைதான் எரியும். வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றி லாரிக்கு வழிவிடும் நேரத்தில் அணைந்துவிடும். எங்கள் வளைவில் பிள்ளைகள் நிற்பது அந்த நேரத்தில்தான். ஆகவே பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கே பொருத்தம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு இரண்டும் சேர்ந்து, என் கடைக் கணக்குப்படி, 350 ரூபாய்க்குள் அடங்கும். மின்கலன்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் காரைக்குடியைச் சுற்றியுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி அளவு பேட்டரி விளக்கு கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத மனவருத்தம்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். முந்தைய மனுவில் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். யாரும் படிக்கவில்லை போலும்.

வண்டி வந்த அன்றே விளக்குப் பூட்ட ஸ்பானரை எடுத்தேன். "அரசு முத்திரை உள்ள வண்டியில் எதையும் கழற்றவோ பூட்டவோ கூடாது, ஆய்வுக்கு வந்தால் பிரச்சினை ஆகும்" என்று பொறுப்பில் உள்ள ஒருவர் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை. சட்டத்துக்கு அஞ்சுபவன் ஆதலால், அனுமதி கேட்டு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அதுவரைக்கும் ஆகட்டும் என்று பின் மட்கார்டின் வாலில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டினேன். அந்தக் காலத்து வண்டிகளில் அதே இடத்தில் வெள்ளை வண்ணம் அடித்திருப்பார்கள். அந்த நினைவில் செய்தேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், மழை விட்ட மாலையில், அந்த வளைவில் பின்னால் வந்த சுமை வண்டி அவளைத் தட்டிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் சரளையில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். வண்டி பக்கத்தில் கிடந்தது. பையின் வார் தளர்ந்து, பை கேரியரிலிருந்து வழிந்து, நான் ஒட்டிய பட்டையை முழுவதுமாக மூடியிருந்தது. பையைத் தூக்கிப் பார்த்தேன். என் கைப்பேசி வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியது.

கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். உயிருக்கு ஆபத்தில்லை என்பதற்குக் குன்றக்குடி முருகனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் வண்டியோட்டி சொன்னதும், விசாரிக்க வந்தவர் எழுதிக்கொண்டதும் ஒன்றே: "சைக்கிளில் விளக்கு இல்லை." விளக்கில்லாமல் கொடுத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. பூட்ட வந்தவனைத் தடுத்தது யார் என்றும் கேட்கவில்லை. குற்றம் 17 வயதுப் பிள்ளையின் தலையில் வந்து நின்றுவிட்டது. இது எந்த வகையில் நியாயம், ஐயா?

3. சட்டம்: விளக்கில்லாத மிதிவண்டியைக் காவலர் பிடிப்பதும், டபுள்ஸ் போனால் நிறுத்துவதும், உள்ளாட்சிக்குக் கட்டணம் கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்டுவதும் எங்கள் தந்தையர் காலத்தில் வழக்கமாக இருந்தன. இன்று அந்த வில்லை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 மிதிவண்டியை மோட்டார் வாகனமாகக் கருதாததால் பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் தேவையில்லை. அது ஏழைக்கு நல்லதுதான். ஆனால் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 138(1A) பிரிவு, இயந்திரமில்லாத வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் சாலைப் பாதுகாப்பு கருதி விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவ்விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ஒன்றிய அரசோ மிதிவண்டி ஒளிபிரதிபலிப்பான்களுக்கென்றே 2020-இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டுள்ளது. மின்மோட்டார் பூட்டிய மிதிவண்டிக்கு மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் அதன் உதவி நின்றுவிட வேண்டும் என்று அளந்து எழுதத் தெரிந்தவர்களுக்கு, பள்ளிப் பிள்ளையின் வண்டியில் ஒரு விளக்கு வேண்டும் என்று எழுத எவ்வளவு காலம் ஆகும்? வகுக்கப்படும் விதிகளில், அரசு வழங்கும் மிதிவண்டிக்கு விளக்குப் பொருத்துவது வழங்குபவரின் கடமை என்று சேர்க்கத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டு அதை வாங்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டால், அது அபராதம் வாங்கத்தான் உதவும்.

4. பெற்றோர் தம் செலவில் விளக்கு, ஒளிர்பட்டை, பிரேக் கட்டை பொருத்திக்கொள்ளலாம் என்று பள்ளிகளுக்கு எழுத்தில் ஓர் ஆணை. ஒரே ஒரு தாள் போதும்.

5. இன்னும் சில வாரங்களில் தைப்பூசம். எங்கள் ஊர்களிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் பாதயாத்திரை அன்பர்களின் பைகளிலும் முதுகிலும் காவல்துறையினர் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நல்ல காரியம், ஒட்டுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே சாலையில் அதே இருட்டில் நாள்தோறும் போய்வரும் பிள்ளைகளுக்கு அதே ஸ்டிக்கரை ஒட்டக் கூடாதா? யாத்திரை போகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறார். பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். பெடலிலும், சக்கரக் கம்பிகளிலும், முன் ஃபோர்க்கிலும் ஒட்டினால் பக்கவாட்டில் திரும்பும் லாரிக்காரருக்கும் தெரியும், சுழலும் சக்கரத்தில் ஒட்டியது தனியாகவே கண்ணில் படும், இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெண்டர் வேண்டாம், கோப்பு கூட வேண்டாம், ஐயா, யாராவது ஒருவர் மனம் வைத்தால் போதும்! மூன்று மனுவிலும் இதைத்தான் கேட்டேன்.

நான் கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். என் தொழில் இது. ஊரில் எந்த வண்டி எங்கே தேய்ந்திருக்கிறது, எதன் செயின் தொங்குகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டுப் பிள்ளையே விளக்கில்லாமல் போய் அடிபட்டாள் என்றால், மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே விளக்கு, விளக்கு என்று மீண்டும் அதையே வேண்டுகிறேன். பிரேக் சோதனையைக் கோடை விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள், விதிகள் வரும்போது வரட்டும். சிறப்பு வகுப்புகள் மார்ச் மாதத் தேர்வு வரை தொடரும் என்பதால் விளக்கு மட்டும் இந்த மாதமே வேண்டும். எங்கள் பள்ளியில் மாலை வகுப்புக்கு மிதிவண்டியில் வருபவர்கள் 41 பேர். பெயர்ப் பட்டியலும், வண்டிகளின் நிலையை நான் எழுதிய குறிப்பும் இணைத்துள்ளேன். விளக்குகளை அரசு வாங்கித் தந்தால் பூட்டுக்கூலி ஒரு ரூபாய் கூட வாங்க மாட்டேன். அனுமதித் தாளை மட்டும் தந்தால், விளக்குகளுக்கு ஊர்ப் பெரியவர்களிடம் நானே கேட்டுப் பார்க்கிறேன். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லியனுப்பினாலும் காலை எட்டு மணிக்கு ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.