1919 என்பது கல்தச்சரின் பிழையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் தேவாலய முற்றங்களில் நிற்கும் போர் நினைவுச் சிலுவைகளைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். இதைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. அச்சில் வந்துவிட்ட தவறு அடுத்தவர் கட்டுரைக்கும் போய்ச் சேரும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஆண்டு. முதல் உலகப் போர் 1918இல் முடிந்திருக்க, சில சிலுவைகளில் 1914–1919 என்றிருப்பது கல்தச்சரின் கவனக்குறைவு என்று கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. 1918 நவம்பர் 11ஆம் தேதி ஓய்ந்தது சண்டை மட்டுமே. ஜெர்மனியோடு வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்று. எந்த ஆண்டைப் பொறிப்பது என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்தது. சண்டை நின்ற பிறகு காயத்தாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. சட்டப்படி போர் முடிந்ததாக பிரிட்டன் அறிவித்த நாள் 1921 ஆகஸ்ட் 31. போரில் இறந்த படைவீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இன்றும் அந்தத் தேதி வரை இறந்த படைவீரர்களை முதல் உலகப் போரின் கணக்கில் சேர்க்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும் பழைய கல்வெட்டுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உண்டு. அவற்றில் பலவற்றிலும் 1914–1919 என்றே இருக்கும்.

அரசு ஒரே வரைபடத்தை அனுப்பி ஊர்தோறும் சிலுவை நாட்டியது என்பதும் சரியல்ல. இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதை 1915இல் தடை செய்துவிட்டார்கள். பிள்ளையின் கல்லறை கடல் கடந்து கிடக்க, பெற்றோருக்குப் பூ வைக்க ஓர் இடமில்லை. தேவாலய முற்றத்துச் சிலுவை அந்தக் கல்லறைக்கு ஈடாக நின்றது. அதனால்தான் பெயர்களுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. 1917இல் தொடங்கிய ஆணையத்தின் பொறுப்பு படைவீரர்களின் கல்லறைகளோடும், கல்லறை கிடைக்காதவர்களுக்கான நினைவுச் சின்னங்களோடும் நின்றது. ஊர்ச் சிலுவைக்கு ஊரார் குழு அமைத்து, வீடு வீடாக நன்கொடை திரட்டி, தாங்களே சிற்பியையோ கட்டடக் கலைஞரையோ தேடிக்கொண்டார்கள். திறப்பு விழா முடிந்ததும் பல குழுக்கள் கலைந்துபோயின. அந்தச் சிலுவை யாருடைய சொத்து, யார் பராமரிப்பது என்ற குழப்பம் இன்றும் பல ஊர்களில் தீராததற்கு இதுவே காரணம். உள்ளாட்சி மன்றங்கள் நினைவுச் சின்னங்களுக்குச் செலவிட 1923இல் ஒரு சட்டம் வந்தது. அது செலவிட அனுமதி தந்தது, கட்டாயப்படுத்தவில்லை.

கட்டுரையாளர் குழம்பியது கட்டடக் கலைஞர் பிளோம்ஃபீல்டு வடிவமைத்த ‘தியாகச் சிலுவை’யால் இருக்கலாம். எண்பட்டைத் தண்டு, முகப்பில் முனை கீழ்நோக்கிய வெண்கல வாள். ஆணையத்தின் கல்லறைத் தோட்டங்களில் நிற்பது இதுதான். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையிலும் பார்க்கலாம். சில ஊர்கள் இதே வடிவைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டன. ஆனால் கட்டுரையில் வந்திருக்கும் படம் அதுவல்ல. சர்ரே மாவட்டத்தில் கோடல்மிங் நகரை ஒட்டிய பஸ்பிரிட்ஜ் தேவாலயத்தின் முற்றத்தில், 1922இல் திறக்கப்பட்ட சிலுவை அது. வடிவமைத்தவர் புது தில்லியின் ‘இந்தியா கேட்’டைத் தந்த லுட்யன்ஸ். தண்டின் குறுக்குவெட்டு சாய்சதுரம்; மேலே போகப் போக மெலியும். கைகள் குட்டையாக, உச்சிக்கு வெகு அருகில் இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் சிலுவை என்பதைவிட நிமிர்த்தி நட்ட வாள் என்றே தோன்றும். தனி வாள் எதையும் அதில் பதிக்க வேண்டியிருக்கவில்லை. என் கண்ணுக்கு இரண்டில் இதுவே அழகு. இதே பாணியில் அவர் 15 சிலுவைகள் செய்தார். அவற்றில் ஒன்று அதே மாவட்டத்து அபிஞ்சர் காமனில் இருந்தது. 1944இல் ஜெர்மானியப் பறக்கும் குண்டில் சிதைந்து, போருக்குப் பின் திரும்ப எழுந்தது. இங்கிலாந்தில் தனித்து நிற்கும் லுட்யன்ஸ் நினைவுச் சின்னங்கள் 44ஐயும் 2015இல் தேசியத் தொகுப்பாக அறிவித்தார்கள்; அத்தனையும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

என்னை உண்மையிலேயே பதறவைத்தது கட்டுரையின் கடைசிப் பத்தி. கறுத்துப்போன கல்லை அமிலம் தடவியோ மணல் பீய்ச்சியோ வெளுக்கலாம் என்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிட வேண்டாம். படத்தில் இருக்கும் சிலுவையின் போர்ட்லண்ட் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். மழை நேரே விழும் பக்கம் அது தானாகவே வெளுத்திருக்கும். சிலுவைக் கைகளின் அடிப்பக்கம் போல மழை கழுவாத இடத்தில்தான் கரிப்புகையின் கந்தகம் கல்லோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகப் படியும். மணல் பீய்ச்சினால் பொருக்கோடு சேர்ந்து எழுத்தின் கூர்விளிம்பும் போய்விடும். ஆப்பு வடிவில் வெட்டிய எழுத்தை நாம் படிப்பது அதன் நிழலை வைத்து. விளிம்பு மழுங்கினால் பெயரே மறைந்துபோகும். ஈயம் அடித்துப் பதித்த எழுத்தானால் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. அதன் துகள்கள் கல்லில் தங்கி, அடுத்த மழையில் துருப்புள்ளிகளாகத் தெரியும். அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் இணைப்புகளுக்குள் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். வெறும் தண்ணீர், மென்மையான இயற்கை நார் பிரஷ், மரச் சுரண்டி ஆகியவை போதும். கல்லோடு ஒட்டிய கற்பாசியைச் சுரண்டினால் கல்லின் தோலும் கூடவே வரும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

இணைப்பில் சிமென்ட் பூசுவது அடுத்த கேடு. சிமென்ட் கல்லைவிடக் கடினமானது. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே போகும், கல்லின் ஓரம் உதிரும். பழைய சுண்ணாம்புச் சாந்தே அங்கே பொருந்தும். உள்ளே கற்களைப் பிணைக்க இரும்புப் பட்டையோ முளையோ வைத்திருந்தால், துரு ஏறி உப்பிக் கல்லை உள்ளிருந்தே உடைக்கும். விரிசலோடு பழுப்புக் கறையும் சேர்ந்து தெரிந்தால் பூச்சு பயனில்லை. கல்லை எடுத்து இரும்பை மாற்றித் துருப்பிடிக்காத எஃகோ வெண்கலமோ வைக்க வேண்டும். ஆங்கிலத் திருச்சபையின் முற்றத்தில் இப்படிப் பெரிய வேலை எதைச் செய்வதென்றாலும் முதலில் திருச்சபையின் முறைப்படியான அனுமதி வாங்க வேண்டும்; பொதுவாக அதைத் தருவது திருச்சபையின் சொந்த நீதிமன்றமான திருமண்டல நீதிமன்றம். விட்டுப்போன ஒரு பெயரைப் புதிதாக வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும்.

உங்கள் படத்தில் கீழ்ப்படியில் தெரியும் செம்பழுப்புக் கோடு, படக்குறிப்பு சொல்வதுபோல் கல்லின் இயற்கை வரியல்ல. போர்ட்லண்ட் கல்லில் அப்படி வரி ஓடாது. வளைவாகப் பாதி வட்டம்போல் இருப்பதைப் பார்த்தால், நவம்பரில் போர் நினைவு நாளுக்கு வைத்த பாப்பி மலர்வளையத்தின் கம்பி மழையில் துருப்பிடித்து இறங்கிய தடமாகவே தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்