நிறக்கள்ளிக்கு உரம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளுக்கு உரமிடுவது பற்றி உங்கள் தோட்டப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். இலைச்செடிகளுக்குச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுத் தலையோடு நிற்கும் நிறக்கள்ளிக்கும் அதே அளவில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரம் கொடுக்கலாம் என்று ஒரே வரியில் சேர்த்துவிட்டது பெரிய தவறு. அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கள்ளி அழுகினாலும் மறுபடி ஒட்டுக் கட்டித் தரச்சொல்லி என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படி வருவதில் உரமில்லாமல் வாடியதென்று எதையும் சொல்ல முடியாது. உரமும் தண்ணீரும் கூடிப்போய் வேர் கருகியவைதான் அதிகம்.

மூன் காக்டஸ் என்ற பெயரில் விற்கும் இந்த நிறக்கள்ளி ஒரு செடி இல்லை, இரண்டு செடி. மேலே உள்ள உருண்டை, பராகுவேப் பக்கத்து ஜிம்னோகலிசியம் மிஹானோவிச்சி என்ற கள்ளியில் பச்சையம் இல்லாமல் பிறந்த வகை. கீழே மூன்று விளிம்போடு நிற்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளியின் துண்டு. 1941இல் ஜப்பானில், விதைநாற்றுகளுக்கு நடுவே சிவப்பாக முளைத்த கன்றுகளை வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டிப் பிழைக்க வைத்தார்கள். இன்று நாம் வளர்ப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

பச்சையம் இல்லாத தலையால் தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரிக்க முடியாது. அடித்தண்டு வெளிச்சத்தில் தயாரிப்பதில்தான் இரண்டும் வாழ வேண்டும். வேரும் அந்தத் தண்டினுடையதுதான். ஆகவே உரத்தின் அளவை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியது தண்டை. தலையின் நிறத்தைப் பார்த்து உரம் போடக் கூடாது.

நிறம் மங்கினால் உடனே உரத்தைத் தேடுகிறார்கள். அந்தச் சிவப்பும் மஞ்சளும் பீட்டாலைன் என்ற நிறமிகளால் வருபவை. காகிதப்பூவின் நிறமும் அதே குடும்பம்தான். உரத்தைக் கூட்டி அதை அடர்த்தியாக்க முடியாது. வெளிச்சம்தான் முதலில் பார்க்க வேண்டியது. நேர்வெயில் சுட்டால் தலை கன்றிப்போகும், இருட்டு மூலையில் வைத்தால் தண்டு பட்டினி கிடக்கும். ஜன்னலோரத்தில் நல்ல வெளிச்சம் படும்படி வைத்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் என்ன ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடித்தண்டு இயல்பிலேயே வேகமாக வளரும் கொடிக்கள்ளி. மேலே உள்ளதோ மெதுவாக வளர்வது. தண்டை மட்டும் விரட்டினால் அதன் விளிம்புகளிலிருந்து பச்சைக் கிளை கிளம்பி, தலைக்குப் போக வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். (அப்படிக் கிளை வந்தால் அடியோடு சீவிவிடுங்கள்.) திசு நீர்கோத்து மெத்தென்று ஆகும், அதைத் தேடி மாவுப்பூச்சி வரும், சின்னக் காயம் பட்டாலும் அழுகும். ஒட்டு விலகியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் தலையும் தண்டும் சேரும் இடத்தைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நல்ல ஒட்டில் தலையின் அடிப்பகுதி தண்டின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். விலகத் தொடங்கியதில் ஒரு பக்க விளிம்பு மட்டும் மேலே சுருண்டு, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். அந்த இடுக்கில் தண்ணீர் தங்கினால் கறுப்பு விழும். இலைவழி உரம் என்று தலைமேல் தெளிக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

சரி, எவ்வளவுதான் கொடுப்பது? தழைச்சத்து குறைவாகவும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) அதிகமாகவும் உள்ள கள்ளி உரம், அதாவது 5-10-10 போன்றது (எண்கள் இதே வரிசையில் மூன்று சத்துகளின் சதவீதம்) கிடைத்தால் நல்லது. உறையில் சொன்ன அளவில் பாதியோ அதற்கும் குறைவாகவோ போதும். கையில் 19-19-19 தான் இருக்கிறது என்றால் ஒரு தேக்கரண்டியைத் தலைதட்டி எடுத்து, அதாவது ஏறக்குறைய 5 கிராமை, ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அதிலிருந்து 100 மில்லி மட்டும் எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். லிட்டருக்கு அரை கிராம் உரம், அதில் 95 மில்லிகிராம் தழைச்சத்து. செடி வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை இந்தக் கரைசலைக் கொடுத்தால் போதும். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண் நனைந்த பிறகே உரநீர். காய்ந்த வேரில் நேரடியாக உப்பு பட்டால் நுனி கருகிவிடும். குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். புதிதாகத் தொட்டி மாற்றியதற்கும் ஒட்டுக் கட்டியதற்கும் வேர் பிடித்து, ஒட்டு சேரும் வரை உரமே கூடாது.

காய்கறித் தோல் ஊறவைத்த தண்ணீரை ஊற்றலாம் என்று அதே கட்டுரையில் இருந்தது. கள்ளி நிற்பது சின்னத் தொட்டியில், மண்ணைவிட மணலும் சரளையும் அதிகமுள்ள கலவையில். அதில் ஊற்றினால் நாற்றமும் கொசு மாதிரிச் சிறு ஈக்களும்தான் வரும். இயற்கை உரம்தான் வேண்டும் என்பவர்கள் நன்றாக மக்கிய மண்புழு உரத்தைத் தொட்டி மாற்றும்போது ஒரு கைப்பிடி கலக்கட்டும், போதும்.

ஏற்கெனவே அதிகமாகப் போட்டவர்கள் தொட்டி விளிம்பையும் மண்ணின் மேற்பரப்பையும் பார்க்க வேண்டும். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுதும் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் மண் முற்றும் காயும் வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

தண்டு சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவது இந்தச் செடியின் இயல்பு, அதை எந்த உரமும் தடுக்காது. தலை திடமாக இருக்கும்போதே புதுத் தண்டுக்கு மாற்றினால் தொடர்ந்து வாழும். இரண்டையும் சுத்தமான பிளேடால் வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு வளையம் தெரியும். அந்த இரண்டு வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று பட வேண்டும், இல்லையென்றால் ஒட்டு பிடிக்காது. ஆகவே திருத்தத்தோடு நிற்காமல், ஒட்டுக் கட்டும் முறையையும் படங்களோடு ஒரு வாரம் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கள்ளி வளர்க்கும் வாசகி