அடுப்பை விற்கும்போதே சட்டியையும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

காலபோக நெல் விற்ற காசில் இம்முறை வீட்டுக்கு ஓர் இண்டக்சன் அடுப்பும் றைஸ் குக்கரும் வாங்கினோம். அம்மா விறகுப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைப்பதை இனியும் பார்த்திருக்க மனமில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் கிடந்த நாட்களும் மறக்கவில்லை.

முதல் நாள் அம்மா அலுமினியச் சட்டியை ஏற்றினார். அடுப்பு கீச்சிட்டு நின்றுவிட்டது. மண்சட்டியை வைத்தபோதும் அப்படித்தான். அடுப்பே பழுது என்று நினைத்துவிட்டோம். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே இருந்தன. பாடசாலைக்குப் போகும் மகள் அகராதியோடு உட்கார்ந்து வாசித்த பிறகுதான், காந்தம் ஒட்டும் பாத்திரமே இதில் சூடாகும் என்று தெரிந்தது. அவள் தன் பென்சில் பெட்டியில் இருந்த சிறிய காந்தத்தைக் கழற்றி எங்கள் சட்டிகள் அத்தனையிலும் வைத்துப் பார்த்தாள். இரும்புத் தோசைக்கல்லில் மட்டுந்தான் ஒட்டியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளக் விடயத்தைப் பொறுக்க முடியவில்லை. அடுப்பின் பிளக் சதுர முள் கொண்டது. எங்கள் சுவரில் இருந்ததோ 5 அம்பியர் வட்டத் துளை. கடையில் ஓர் அடாப்டரைக் கையில் தந்து, "இதை மாட்டினால் சரி" என்றார்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடாப்டரின் ஒரு துளை உருகி வழிந்திருந்தது, சுவரில் உள்ளங்கை அளவு கரி. எங்கள் குசினிக்குக் கிடுகுக் கூரை. பிள்ளைகள் அடுத்த அறையில் படுத்திருந்தார்கள். பிறகு வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, தடித்த கம்பியில் தனி இணைப்பு இழுத்து, சுவரில் 13 அம்பியர் சதுரத் துளை பொருத்தினோம். இதைச் செய்ய வேண்டும் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டோமா?

றைஸ் குக்கரில் எங்கள் சிவப்புக் குத்தரிசி வேகுமுன் நீர் வற்றி ஆளி மேலே துள்ளிவிடுகிறது. நீர் வற்றி அடித்தட்டின் சூடு 100 பாகையைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் காந்தம் பிடியை விடும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். அம்மா அரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, நீரையும் கூட்டி விட்டு வழி கண்டார்.

அடுப்பின் கண்ணாடி இப்போது வெடித்திருக்கிறது. கடையில் கேட்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், கூலி நாங்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் எங்கள் பிள்ளைகள் தொழில் படித்து வெளியே வருகிறார்கள். விற்பனை நிறுவனங்கள் அவர்களில் ஒருவரையாவது கிளிநொச்சியில் பழுதுபார்க்க அமர்த்தக் கூடாதா?

1987இலேயே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. இங்கே விற்கும் பொருளுக்குள் எந்தச் சட்டி, எந்தப் பிளக், எவ்வளவு அம்பியர் என்று தமிழில் ஒரு தாள் வைக்க வேண்டும். பாவனையாளர் விவகார அதிகாரசபை இதைக் கட்டாயமாக்க வேண்டும். விற்பவர்களும் கடையில் ஒரு காந்தத்தை வைத்திருந்து, சட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒட்டிக் காட்டிவிட்டுக் காசை வாங்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தருமபுரம், கிளிநொச்சி.