அபர்டீனில் இருக்கும் பாப்பாவுக்கு

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

மூன்று வாரமாக "நல்லா இருக்கேன்பா" என்ற ஒரே வரிதான் வருகிறது. அம்மா அதையே எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். போன தடவை வார்டில் நடந்ததைப் பாதி சொல்லி நிறுத்தினாயே, அதை நான் கேட்கப் போவதில்லை. அந்த ஊர்ப் பேச்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கேள்விச் சொற்களை முதலில் பிடி. ஆங்கிலத்தில் 'வாட்', 'வேர்' என்று தொடங்குவதெல்லாம் ஸ்காட்லாந்தின் அந்த வடகிழக்கு மூலையில் 'ஃப' ஆகிவிடும். ஃபா யார், ஃபிட் என்ன, ஃபார் எங்கே, ஃபான் எப்போது, ஃபூ எப்படி. "ஃபிட் லைக்?" என்று ஒரு கிழவர் கேட்டால் எப்படிம்மா இருக்கே என்கிறார், பதில் சொல்லு. 'ஃபார்' என்பதைத் தூரம் என்று எடுத்துக்கொண்டால் முழுப் பேச்சும் போச்சு. இந்த 'ஃப' கிளாஸ்கோவில் கிடையாது. அங்கே இருக்கிற உன் தோழியிடம் கேட்டுப் பயனில்லை.

நோயாளி வாயில் அடிக்கடி வருபவை சில. ஆக்ஸ்டர் என்றால் அக்குள். பழைய ஆங்கிலச் சொல்தான், ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது. ஹோஸ்ட் இருமல், வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியின் மிச்சம். 'டிரை போக்' என்றால் வாந்தி வராமல் ஓங்கரிப்பது. பீலிவாலி, முகம் வெளிறிப்போயிருப்பது. குழந்தை ராத்திரி முழுக்க 'கிரீட்' பண்ணியது என்று தாய் சொன்னால் அழுதது என்று அர்த்தம். வணக்கம் சொல்கிற 'கிரீட்' வேறு வேர், இது வேறு வேர், ஒலி தேய்ந்து ஒன்றாகிவிட்டன.

இதெல்லாம் புரியாத சொல், கேட்டுவிடலாம். தெரிந்த சொல்போல வந்து ஏமாற்றுவதுதான் ஆபத்து. 'டவுட்' அப்படி ஒன்று, அவர்கள் 'டூட்' என்பார்கள். "ஐ டூட் இட்ஸ் புரோக்கன்" என்று காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னால், எலும்பு உடைந்திருக்காது என்று அவர் நினைப்பதாக எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது, "உடைஞ்சிருக்கும்போலத் தெரியுது." நேர் எதிர். அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்தில் அச்சம் என்ற பொருளும் உண்டு, அது அங்கே தங்கிவிட்டது. புரிந்துவிட்டதாக நினைக்கிற சொல்லை யார் திரும்பக் கேட்பார்கள்? யாருக்கும் நடக்கும், பாப்பா. "உடைஞ்சிருக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு கேஸ் ஷீட்டில் எழுது. தலையாட்டாதே.

பெயர் கூப்பிடும்போதும் கவனம். டால்ஸீல் என்று எழுதியிருந்தால் டீயெல். மென்ஸீஸ் என்பதைப் பலர் மிங்கிஸ் என்பார்கள். 'யோஹ்' என்றொரு பழைய எழுத்து அச்சில் இல்லாமல், அதைப்போலத் தெரிந்த 'இஸட்'டை வைத்து ஒப்பேற்றியதன் வினை. நம் ழகரத்துக்கும் 'இஸட் எச்' போட்டுவிட்டு, வடக்கத்தியார் வாசிப்பதைக் கேட்டுப் பல்லைக் கடிக்கிறோமே, அந்தக் கதைதான்.

பிடிவாதக்காரியை 'த்ரான்' என்பார்கள். வேரில் அதற்குத் திருகுவது, முறுக்குவது என்று பொருள். முறுக்கிக்கிட்டு நிற்கிறாள் என்று நாம் சொல்வதில்லையா? நம் வீட்டில் யாருக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நீட் எழுதும்போதும் இந்த முறுக்குதான் உன்னைக் கரை சேர்த்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் பேச்சுக்கு ஸ்காட்ஸ் என்று பெயர். ஸ்காட்ஸ் தேசிய அகராதி 10 தொகுதி, 1931-இல் தொடங்கி 1976-இல் முடித்தார்கள். இப்போது இணையத்தில் இலவசம். அன்றன்று காதில் விழுந்ததை எழுதி வைத்து இரவில் தேடு. ஆனால் நீ அப்படிப் பேச முயலாதே, வெளியூர்க்காரி வாயில் அது கேலியாகப் படும். கேட்டால் போதும். புரியாவிட்டால் கேள், தலையாட்டாதே.

இதை இரண்டு தடவை எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் பார்த்தேன்.

ஆச்சியிடமிருந்து 'அங்கன', 'இங்கன', 'ஏட்டி' என்று நீ கொண்டுவந்ததையெல்லாம் விருந்தாட்கள் முன்னால் வைத்துத் திருத்தியவன் நான். யாரோ ஊர்க்காரர்களின் 'ஃப'வுக்கு வேர் தேடுகிறேன், என் அம்மாவின் பேச்சைப் பிழை என்றேன். "என்னப்பா?" என்று நீ திரும்பக் கேட்டால், "கவனம் எங்கே?" என்பேன். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். தலையாட்டப் படித்தது இந்தக் கூடத்தில்தான்.

குளிர்காலத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டார்கள், இனி உனக்கு இரவு 7 என்றால் இங்கே 12.30. அம்மா தூங்கியிருப்பாள், நான் முழித்திருப்பேன். பார்சலில் புளிக்காய்ச்சல் இருக்கிறது, ஈரக் கரண்டி போடாதே.

அப்பா