ஸ்கோர் புத்தகத்தில் பெயர் ஏறாதவருக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளிர் கிளப் கிரிக்கெட் ஆட்டத்தில் எதிரணியின் பன்னிரண்டாவது ஆளாக வந்திருந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

பாயின்ட்டில், அதாவது பேட்டருக்குப் பக்கவாட்டில் ஃபீல்டிங் நின்ற என் மோதிர விரலில் பந்து பட்டது. பெண்கள் ஆடும் பந்து 140 முதல் 151 கிராம்தான், ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் எடை குறைவு. விரலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா! எல்லோரும் ஐஸ் தேடி ஓட, நீங்கள் முதலில் பார்த்தது என் மோதிரத்தை. விரல் வீங்குவதற்குள் சோப்புத் தண்ணீர் விட்டு, மெல்லத் திருகித் திருகிக் கழற்றினீர்கள். அப்புறம் ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டினீர்கள்.

எங்களிடம் மாற்று ஆள் இல்லை. யாரும் கேட்கவில்லை, நீங்களாகவே நடுவரிடம் பேசி, எங்களுக்காக ஃபீல்டிங் நின்றீர்கள். மாற்று ஆட்டக்காரர் பந்து வீசக் கூடாது, கேட்ச் பிடிக்கலாம். பிடித்தீர்கள், அதுவும் உங்கள் கேப்டனையே! அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த கேட்ச் வழக்கம்போல 'மாற்று வீராங்கனை' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. நான் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ரொம்ப நன்றி சகோதரி. உங்கள் டேப் சுருள் என் பையில் இருக்கிறது, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.