கழிவுப் பட்டியலில் கையெழுத்திடும் நூலகர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கொல்லைப்புறத்தில் பழைய பேப்பர் வியாபாரி தராசோடு உட்கார்ந்திருந்தார். வார இதழ்கள், காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், அவற்றுக்கு அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஐந்தாறு கட்டு மாத நாவல்கள். எல்லாம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த கிரைம் கதைகள். ஸ்டேப்ளர் பின் துருவேறி, தாள் பழுத்துப் போயிருந்தது. ஒரு கட்டை மட்டும் அங்கேயே காசு கொடுத்து மீட்டேன். மற்றவை வண்டி ஏறிவிட்டன.

நூலகர் நல்ல மனிதர். "இவை பருவ இதழ் கணக்கில் வருகின்றன சார், காலம் முழுக்க வைத்திருக்க முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அட்டைப் படங்களைப் பிள்ளைகள் வருகிற இடத்தில் வைக்க முடியுமா, சொல்லுங்கள்" என்றார். இந்த மடல் அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான்.

நான் மீட்ட கட்டில் 22 நாவல்கள். அவற்றில் ஒன்பதுக்கு மேலட்டை இல்லை. தானாகக் கிழிந்தவை அல்ல, யாரோ பார்த்துப் பார்த்துக் கிழித்திருக்கிறார்கள். எங்கள் அத்தை அப்படித்தான் செய்வார். பஸ் நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் நாவலை வாங்கியதும், ஈரப் புடவையோடு நிற்கும் அட்டைப் பெண்ணைக் கிழித்துக் கடைக்காரரிடமே நீட்டிவிட்டு, கதையை மட்டும் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே அதே பெண் மூன்றாம் அத்தியாயத்தில் கழுத்து நெரிபட்டுச் சாவாள். அதில் அத்தைக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. இன்னொரு நாவலின் பாதியில் யாரோ ஒரு புண்ணியவான், 'மாமனார்தான் கொலைகாரன்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். (தப்பு. கொன்றது டாக்டர்.)

இவையெல்லாம் இலக்கியம் என்று வாதாட நான் வரவில்லை. சிலவற்றை இன்று படித்தால் குமட்டுகிறது. பலாத்காரம் கதையை நகர்த்த உதவும் சங்கதி, அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் அவள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எல்லாம் ஒரே சாக்கடை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் கதைகளில் பரத்தோடு சேர்ந்து வரும் சுசீலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் டி-ஷர்ட்டில் இந்த மாதம் என்ன வாசகம் என்று பார்ப்பதற்காகவே நாவல் வாங்கிய கல்லூரிப் பையன்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன். அந்த வாசகங்கள் அசட்டுத்தனமானவைதான். அவளோ பரத்துக்குச் சரிசமமாகத் துப்பறிந்தாள், அவனை வாரினாள், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊர் சுற்றினாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் அப்போது கிடையாது.

உங்கள் அலமாரியில் ஸ்ரீ வேணுகோபாலனின் 'திருவரங்கன் உலா' இருக்கும். படையெடுப்புக்குத் தப்பி அரங்கனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களின் கதை. அதைப் படித்து அழுதவர்கள் என் வீட்டிலேயே உண்டு. புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் சிவப்பு விளக்குத் தெருக்களை எழுதியதும் அதே கைதான். முதல் பெயருக்குக் காலிகோ பைண்டு, இரண்டாம் பெயருக்குத் தராசு. ஒருவர் எழுதியதில் பாதியை எடைக்குப் போட்டபின் அவரைப் பற்றி எவர் வந்து என்ன ஆராய்வது?

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, உயர்ந்தது தாழ்ந்தது பாராமல் அச்சான தாளையெல்லாம் சேர்த்தார். அவர் சேர்த்ததை வைத்துத்தான் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் இந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் கொண்டாடின. மூலத்தைத் தேடிப் போகிற தமிழ் வாசகனுக்குப் பழைய புத்தகக் கடை நடைபாதைதான் கதி.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மைய நூலகத்தில், நாவலுக்கு ஒரு படி, மேலட்டையோடு. பைண்டு செய்கிறவரிடம் அட்டையை வெட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டியலில் எழுத்தாளர் பெயரோடு ஓவியர் பெயரையும் எழுதுங்கள்; அந்த ஈரப் புடவையை வரைந்தவருக்கும் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்றால் பூட்டிய பீரோவில் வையுங்கள், கேட்பவரிடம் அடையாள அட்டை பாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் பட்டியலை ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. என் கட்டில் ஒரு நாவலுக்கு மேலட்டையும் இல்லை, கடைசி எட்டுப் பக்கமும் இல்லை. ஊட்டியில் ஒரு காட்டேஜ், குளியல் தொட்டியில் பிணம், கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. மூன்று வாரமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. உங்கள் கிடங்கில் இன்னொரு படி இருந்தால், அடுத்த வண்டி வருவதற்குள் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய உறுப்பினர்